நாற்பத்தேழாம் பக்கத்து அம்பு

"அர்ஜுனன், த/பெ கந்தன். பிரிவு: தொழிற்சாலை. தரம்: பொதுத் தொழிலாளி. படிப்பு: ஆறாம் வகுப்பு. சொன்னதைச் செய்வார், தானாக எதையும் யோசிப்பதில்லை." மலாய் நாட்டின் மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆள்பதிவேட்டில், 1968-இல் ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்பு இது. அவருக்குப் பிறகு மூன்று மேனேஜர்கள் வந்தார்கள். யாரும் இதைத் திருத்தவில்லை. அர்ஜுனனும் திருத்தச் சொல்லவில்லை. யோசிக்காத ஆள் என்று பதிவாகிவிட்டதால் தன்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை என்று அவர் சந்தோஷமாகவே சொல்கிறார்.

பறித்த கொழுந்தை வாட்டும் மேல்மாடியில் அவருக்கு இது இருபத்தோராவது ஆண்டு. அறுபதடி நீளத் தொட்டிகள், அடியில் கம்பிவலை, ஒரு முனையில் விசிறி. இலை பதமாகிவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு பிடி அள்ளுவார்கள். அர்ஜுனன் மூன்று பிடி அள்ளுவார். விசிறியடியில் ஒன்று, நடுவில் ஒன்று, எட்டாத கடைசி மூலையில் ஒன்று. மூன்றாவதற்காகத் தொட்டியின் விளிம்பில் வயிற்றை அழுத்திக் கவிழ்ந்து கிடக்க வேண்டும். கிடப்பார். பிடித்ததைக் கசக்கிக் காதருகே கொண்டுபோய்க் கேட்பார். உருண்டை அப்படியே நின்றால் பதம், விரிந்து எழுந்தால் ஈரம், நொறுங்கினால் காய்ந்துபோனது. வெளியே இருபது டிகிரிக் குளிர் என்றாலும் மாடிக்குள் சூடு; அங்கேயும் மழைக்கோட்டைக் கழற்றுவதில்லை. கேட்டால், "வெளிய போறப்ப போடுற வேலை மிச்சம்லா" என்பார்.

மதியத்தோடு வேலை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சைத் தோலால் பத்து விரல்களையும் தேய்ப்பார். இலைக்கறை போகாது, ஆனால் காகிதத்தில் ஒட்டாது. கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியின்மேல், ஆபீஸ் கழித்துக்கட்டிய பழைய தட்டச்சுப் பொறி ஒன்று இருக்கிறது. கழித்துக்கட்டியபோது அதில் ஏழு எழுத்துகள் எழவில்லை. அவர் கையில் இப்போது ஒன்றுகூடப் படுத்துவதில்லை. தொழிலாளர் லயத்தில், குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களின் குடியுரிமை மனுக்களில் பாதிக்குமேல் இந்தப் பெட்டிமேல் அடிக்கப்பட்டவை. மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியும். இரண்டையும் பேச மட்டும் மாட்டார்.

மனு அடிப்பதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பக்கத்தை அடிக்கும்போது முதல் பக்கத்தை எதிரே நிறுத்தி வைத்துக்கொள்வார். முதல் பக்கத்தில் ரிங்லெட்டில் பிறந்த ஒரு மாரியம்மா மூன்றாம் பக்கத்தில் தாப்பாவில் பிறந்திருந்தால், அந்தம்மா எங்கே பிறந்தார் என்று தெரியும்வரை இயந்திரத்தைத் தொடமாட்டார். கேட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். "நடுவுல ஒன்னும் நடக்காம பொறந்த ஊரு எப்டி மாறும்?" என்பது அவருடைய வாதம். ஆட்கள் ஏசிக்கொண்டே போவார்கள். மனு மட்டும் திரும்பி வராது.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் பழனியப்பனின் மகள் ருக்குமணி கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். 1981-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தார். அக்டோபர் கடைசிக்குள் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. பட்டணத்துத் தட்டச்சுக்காரர்கள் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே தாள்கட்டைத் திருப்பி நீட்டினார்கள். வரிக்கு நான்கு குறி. எதுவும் இயந்திரத்தில் இல்லை. எல்லாம் கையால் வரைய வேண்டியவை. அப்பாதான் அர்ஜுனனைச் சொன்னார். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பட்டணம் போகும் லோரி, திரும்பும்போது கணிதத்தை ஏற்றிக்கொண்டு வந்தது.

அர்ஜுனன் குறிகளுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். தொகையீட்டுக் குறி 'தொரட்டி'. எப்சிலான் 'திரும்பி நிக்கிற மூணு'. தலைகீழ் முக்கோணம் 'கூடை'. வரைவதற்கு மை தொட்டு எழுதும் கூர்மையான பேனா ஒன்று. ஒருநாளைக்கு ஒன்றிரண்டு பக்கம். மனைவி செல்லம், "எங்க வீட்டுல தொரட்டி இருக்கு, கூடை இருக்கு, பறிக்கத்தான் மரத்தக் காணோம்" என்று அடுத்த வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

அம்பில் மட்டும் இரண்டு வகை இருந்தது. தலையில் இரண்டு பக்கமும் கோடு போட்டது ஒன்று. மேல் பக்கம் மட்டும் போட்டது இன்னொன்று. எதற்கு இரண்டு என்று தெரியாமல் வரையமாட்டேன் என்றார் அர்ஜுனன். குறியைப் பார்த்து வரைந்தால் போதும் என்று ருக்குமணி சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஜூலையில் ஊருக்கு வந்தபோது வாட்டுமாடிக்கே போய் விளக்க வேண்டியதாயிற்று.

ஆய்வேடு நேரியலற்ற பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பற்றியது. ஒரு பொருள் அடுக்கடுக்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் ஒரு குணம், அடுத்ததில் இன்னொன்று. அதனுள் வெப்பமோ ஈரமோ ஆகக் குறைந்த ஆற்றல் செலவாகும் நிலையைத் தேடி அமர்கிறது. அடுக்குகளை மேலும் மேலும் மெல்லியதாக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிலை எதையாவது நெருங்குகிறதா? நெருங்கினால், அது எந்தச் சமன்பாட்டின் விடை? முழு அம்பு என்றால் ஒவ்வோர் இடத்திலும் நெருங்கிவிட்டது. அரை அம்பு என்றால் சராசரியில் மட்டும்தான் நெருங்குகிறது. உள்ளே மேடும் பள்ளமுமாக ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அர்ஜுனன் தொட்டியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு கதையைச் சொன்னார். புதிதாக வந்த உதவி மேனேஜர், சின்னத்துரை ஒருவர், தொட்டி முழுவதிலிருந்தும் இலை எடுத்துக் கலந்து ஈரம் அளந்தாராம். கணக்குப்படி பதம் சரி. உருட்டு இயந்திரத்தில் போடச் சொன்னார். விசிறியடியில் காய்ந்து கிடந்தது பொடியாகப் போயிற்று. மூலையில் ஈரமாயிருந்தது சாறு கக்கிக் கட்டியாயிற்று. அன்றைய தூள் முழுக்கச் 'சாலா'. மலாயில் தப்புக்குச் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லோடு கதையை முடித்தார். அளந்த எண் மட்டும் கடைசிவரை சரியாகவே இருந்தது.

"மெசினு சராசரிய உருட்டாது தங்கச்சி. இலையத்தான் உருட்டும்."

நேரியலற்ற உறுப்புக்குள் அரை அம்பைக் கொண்டுபோகக் கூடாது, சராசரி அங்கே ஏமாற்றிவிடும் என்பதற்கு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்த ருக்குமணி, இதை அன்று வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். கோலாலம்பூரில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்ததாகவும் கேள்வி.

அக்டோபர் இருபத்து நான்காம் தேதி, தாள்கட்டை வாங்கிப் போக ருக்குமணி தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்தார். நூற்றுப்பன்னிரண்டு பக்கம். துணி போட்டு மூடி, மேலே ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையைப் பாரம் வைத்திருந்தார் அர்ஜுனன். நாற்பத்தேழாம் பக்கம் மட்டும் தனியே இருந்தது. அதில் எல்லாம் அடித்தாயிற்று. ஓர் அம்பு மட்டும் முடியவில்லை. தண்டு இருந்தது, மேல் கோடு இருந்தது. கீழ்க் கோடு இல்லை.

விட்டுப்போயிற்றா என்று ருக்குமணி கேட்டார். விட்டுப்போகவில்லை, விட்டு வைத்திருக்கிறேன் என்றார் அர்ஜுனன். முப்பத்தோராம் பக்கத்தை எடுத்து எதிரே நிறுத்தினார். அங்கே இதே எழுத்துக்கு அரை அம்பு. இங்கே கையெழுத்துப் பிரதியில் முழு அம்பு. இடையிலுள்ள பதினைந்து பக்கத்தையும் இரண்டு முறை பார்த்தாயிற்று. அது எங்கே முழுசாயிற்று என்று தெரியவில்லை.

இரண்டு பேராசிரியர்கள் படித்து ஒப்பமிட்ட பக்கம் அது. இன்னும் ஏழு நாள்தான். பஸ்ஸில் வந்த களைப்பு வேறு.

"அண்ணே, ஒங்கள டைப் பண்ணத்தானே சொன்னேன்? நீங்க ஏன் யோசிக்கிறீங்க?"

"யோசிக்கல தங்கச்சி. கை போவல." பேனாவை மையில் தொட்டு, துளியை ஓரத்தில் வழித்துவிட்டு நீட்டினார். "நீயே போடு. நீ போட்டா நான் ஒன்னும் கேக்க மாட்டேன்."

ருக்குமணி பேனாவை வாங்கிக்கொண்டார். கால் அங்குலக் கோடு. போட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் அறுபத்தைந்து பக்கமும் நிலைக்கும், வேலையும் நிலைக்கும். அவர் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்லம் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறியது. வேறு போட்டுக்கொண்டு வந்தார், அதுவும் ஆறியது. மை நிப்பிலேயே காய்ந்துவிட்டது.

கடைசியில் ருக்குமணி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நெருங்குதுன்னு காட்டிட்டேன், எல்லா எடத்துலயும் நெருங்குதுன்னு காட்டல. எனக்கே தெரியாம முழுசா போட்டிருக்கேன்."

"நீ நல்லபடியா முடியணும்னு நெனச்சிருப்ப," என்றார் அர்ஜுனன். "சின்னத்தொரையும் கெட்ட எண்ணத்துல அளக்கல."

அக்டோபர் போயிற்று. வேலையும் போயிற்று, நவம்பரில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். ருக்குமணி ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஏழு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். டிரெஸ்ஸர் பழனியப்பன் அந்த ஏழு மாதமும் அர்ஜுனனுடன் பேசவில்லை. வழியில் பார்த்தால் எதிர்ப்பக்க மலையில் ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு போவார். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனால் கொடுப்பார். எத்தனை வேளை என்று மட்டும் சொல்லமாட்டார். அர்ஜுனன் மூன்று வேளை என்று தானே வைத்துக்கொண்டார்.

ஜூனில் லோரி மறுபடி வந்தது. இப்போது நாற்பத்தேழாம் பக்கத்தில் அரை அம்புதான். அடுக்குகள் மெல்லியதாகிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு நிலையும் நெருங்கிப்போகும் விடை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ருக்குமணி முதலில் எழுதிய சமன்பாட்டின் விடை அல்ல. வேறொன்று. அதில் வரும் எண்ணை எந்தச் சராசரியாலும் பெற முடியாது. ஆய்வேடு முப்பது பக்கம் மெலிந்திருந்தது. பட்டம் கிடைத்தது, அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் வேலையும் கிடைத்தது. டிரெஸ்ஸர் வேளைக்கணக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

நன்றியுரையில் அர்ஜுனனைப் பற்றி ருக்குமணி ஐந்து வரி எழுதி அனுப்பியிருந்தார். அடித்து வந்ததில் ஒரு வரிதான் இருந்தது: "தட்டச்சு: அர்ஜுனன்." கொடுத்ததைக் கொடுத்தபடி அடிக்காமல் அவர் தாமாகக் குறைத்தது வாழ்நாளில் அந்த இடத்தில் மட்டும்தான். ஏன் என்று கேட்டதற்கு, "மிச்சம் நாலு வரி டைப்பு வேல இல்லயே" என்றார்.

ஆள்பதிவேட்டில் இன்றும் பொதுத் தொழிலாளி. ஆய்வேட்டில் தட்டச்சாளர். அவர் செய்தது இவ்வளவுதான்: ஓர் அம்பு வரைந்துகொண்டிருந்தவர், மேல் கோட்டைப் போட்டபின் கையைத் தூக்கிக்கொண்டார்.