டெக்கில் கேட்ட பாங்கு

எண்பதுகளில் கல்முனையில் எங்கள் வீட்டுக்கு வீடியோ டெக் வந்தபோது, எங்கள் சமூகத் தலைவரின் மார்க்கப் பற்றையும் குணத்தையும் காட்டும் விவரணப் படத்தைத்தான் அயலவர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். தவறாமல் வந்தவர் சைக்கிள் கடைக்காரர். பருத்த உடம்பு, மருதாணித் தாடி. திரையில் தலைவர் ஸலாம் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று உரக்கப் பதில் சொல்வார்.

ஒரு நோன்பு நாள், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அதே படம் ஓடியது. நோன்பு துறக்கும் இப்தார் காட்சியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. தலைவர் முதல் பேரீச்சம்பழத்தைத் தன் சாரதிக்குக் கொடுத்தார். சைக்கிள் கடைக்காரரும் நோன்பு துறக்க வைத்திருந்த தன் பழத்தில் பாதியைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டிவிட்டு, மீதியை விழுங்கினார்.

"என்ன காக்கா, இது டெக்குப் பாங்கு! நம்மட பள்ளியில இன்னும் சொல்லல்ல!" என்றார் பக்கத்திலிருந்தவர்.

வீடே சிரித்தது. வெளிறிய முகத்துடன் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நோம்பு போச்சா சேர்?"

விதிகளெல்லாம் தெரிந்த நான் தீர்ப்பளித்தேன். "ஓம், போச்சு. மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் இனி ஒண்டும் தின்னவும் ஏலா. பெருநாளைக்குப் பொறகு இதுக்குப் பதிலா ஒரு களா நோம்பும் புடிக்கணும்."

சற்று யோசித்தவரின் தாடிக்குள் மெல்லப் புன்னகை விரிந்தது.

"பரவால்ல சேர். களாவ நான் தனியப் புடிக்கிறன். தலைவரோட ஒருக்கா நோம்பு தொறந்திட்டன்தானே!"

அரசாங்கக் கச்சேரியில் அதிகாரியாக இருந்து எத்தனையோ மேன்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தவன் நான். பாதகமான தீர்ப்பை வாங்கிக்கொண்டு இவ்வளவு மகிழ்ந்த ஒருவரை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.