முப்பது நாளில் காலாவதி

மூன்று வருடமாக நான் செய்கிற வேலையை வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. இறுதிச் சடங்கு மண்டபங்களில் எடுக்கிற வீடியோக்களைச் சேமித்து வைத்துக் குடும்பங்களுக்கு அனுப்புகிற ஒரு சின்ன நிறுவனம். நாங்கள் குடியேறிய குளிர்நாட்டு நகரத்தில், அஜின்கோர்ட் பகுதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல் அலுவலகம். "இவர் செத்தவீட்டுப் படம் காட்டுறவர்" என்று மனைவி விருந்தாளிகளிடம் சொல்லுவாள். திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

படம் காட்டுவது என் வேலை இல்லை. வீடியோக்கள் எல்லாம் கிளவுட் சேமிப்பகத்தில் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் என் நிரல் ஒரு லிங்க் தயாரிக்கும். எந்த வீடியோ, எந்தத் திகதி எத்தனை மணி வரை பார்க்கலாம் என்பதெல்லாம் அந்த லிங்கிலேயே எழுதியிருக்கும். அதன் வாலில் நீளமாக ஒரு கையொப்பம், எங்களிடம் மட்டும் இருக்கிற இரகசியச் சாவியால் போட்டது. திகதியில் ஓர் எண்ணை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது, பூட்டுத் திறக்காது. நேரம் முடிந்தாலும் அதே கதைதான். கெஞ்சினாலும் ஒரு செக்கன் கூடத் தராது. இப்படிக் கறாரான ஒன்றைச் செய்துவிட்டேன் என்று முதலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எத்தனை நாள் கொடுப்பது என்று முடிவெடுத்த கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. மேலாளர் ஒரு மாதம் என்றார். நான் முப்பது என்று தட்டினேன். மண்டபத்தில் பெயர் பதிகிற நாளிலிருந்து கணக்கு. பெரும்பாலும் அது ஆள் இறந்த நாளாகவே இருக்கும். அந்த அறையில் இருந்த ஒரே தமிழன் நான். என் அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தவன். சொந்தமெல்லாம் கூடி, சாப்பிட்டு, இறந்தவரின் கதை பேசுகிற நாள் அதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் கூட்டம் இன்னும் அரை மணி நேரம் இழுபடும். அலுப்பில் பேசாமல் இருந்துவிட்டேன்.

தமிழில் யாராவது அழைத்தால் வரவேற்பில் இருப்பவர் என் தலையில் கட்டிவிடுவார். அப்படித்தான் பனி கொட்டிய ஒரு பின்னேரம் அந்த அழைப்பு வந்தது. நகரத்தின் கிழக்கோரத்து ரூஜிலிருந்து ஒரு வயதான பெண்.

"தம்பி, நீர் தமிழோ?"

"ஓம் அன்ரி, சொல்லுங்கோ."

"அப்பாடா. உந்த லிங்க் திறக்குதில்லை. வெள்ளையா வந்து இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடக்கு."

ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். அனுமதி இல்லை என்று சொல்கிற அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். அவர் முடிக்கும்வரை இடையில் பேச மனம் வரவில்லை. "லிங்க் நேற்றோட முடிஞ்சுது அன்ரி" என்றேன்.

"நேற்றோ? இண்டைக்குத்தானே தம்பி அந்தியேட்டி. உங்கட கொம்பனி ஆக்கள் அதுவரைக்குமெண்டாலும் விடமாட்டினமோ?"

அந்த ஆக்கள் நான்தான் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். பனியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கணவர் வீட்டில் மாரடைப்பால் போய்விட்டார். சடங்குக்கு இவரைக் கொண்டுபோக டொக்டர்கள் விடவில்லை. வீடியோவைப் பார்த்தால் பிரஷர் ஏறும், வீட்டுக்கு வந்து ஆறுதலாகப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் தள்ளிப்போட்டார்கள். முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தியேட்டி முடிந்து, சனம் போய், மகன் ஐயரைக் கொண்டுபோய் விடப் போன நேரத்தில் தனியாக இருந்து லிங்கைத் தட்டியிருக்கிறார்.

"அவற்ற முகத்தைக் கடைசியா நான் பாக்கேல்லைத் தம்பி. அதுதான் கேக்கிறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. யார்மீதாவது எரிந்து விழலாம் என்றால் என்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை. "கொஞ்ச நேரம் இருங்கோ, வேற லிங்க் அனுப்புறன்" என்றேன்.

காலாவதியான பிறகும் வீடியோ ஒரு கிழமை, ஏழு நாள், கிடக்கும், அதன் பின் தானாக அழியும். மண்டபம் எழுத்தில் கேட்டால் மட்டுமே புது லிங்க் என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான், அன்றைக்கு மீறியவனும் நான்தான். வீடியோவை அழிகிற பட்டியலிலிருந்து எடுத்தேன். காலாவதித் திகதி போடுகிற இடத்தில் இந்த முறை விரல்விட்டு எண்ணினேன். வருடம் முடிகிறபோது செய்கிற ஆட்டைத் திவசம் திதியைப் பார்த்து முன்னே பின்னே வரும். அதனால் ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு கிழமை கூட்டிப் போட்டேன்.

அனுப்புவதற்கு முன் லிங்க் திறக்கிறதா என்று நானே தட்டிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் லிங்க் தயாரித்திருக்கிறேன், அதுவரை ஒரு வீடியோவைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. மண்டபத்தின் பின்சுவரில், உயரத்தில், அசையாத ஒரு கமெரா. அதில் தெரிந்தவை வரிசையாகப் போட்ட கதிரைகளும், குளிர்ச்சட்டை போட்ட முதுகுகளும், தூரத்தில் பெட்டியின் ஒரு பக்கமும்தான். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். தேவாரம் படிக்கிறார்கள், உரலில் சுண்ணப்பொடி இடிக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றி வருகிறார்கள். எங்கேயும் அந்த மனிதருடைய முகம் இல்லை.

அனுப்பாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கணினியில் ஏதோ பிழை, வீடியோ அழிந்துவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார். அந்தப் பொய்க்கும் எனக்குத் தெம்பு இல்லை. அனுப்பிவிட்டு, தேத்தண்ணி ஆறிப்போகும்வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். "திறந்திட்டுதோ அன்ரி?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, திறந்தது. தூரத்தில வைச்சு எடுத்திருக்கினம், முகம் தெரியேல்லை." பின்னால் தேவாரச் சத்தம் கேட்டது, வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ஆனா மூத்தவன் வாய்க்கரிசி போடக் குனியேக்கை, பெட்டிக்கு மேலால அவற்ற மூக்குத் தெரியுது. அவற்ற மூக்குத்தான். எனக்கு அது காணும் தம்பி, அது போதும்."