அணிலிடம் இல்லாத பல்

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம், வாவிக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆசுபத்திரியில் நான் பல் டொக்டராக இருந்தேன். கூடார முகாமில் இருந்து ஒரு மீன்பிடிகாரர் தன் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"புடுங்கி விடுங்க டொக்டர். பச்சத்தண்ணி பட்டாலும் கத்துறாள். பால்பல்லுதானே, திரும்ப முளைக்கும்."

அது பால்பல் இல்லை. ஒரு பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் கடைவாய்ப்பல். சாகும்வரை அது ஒன்றுதான். அதன் மேற்பூச்சு சரியாக இறுகாமலே முளைத்து, மஞ்சளடித்து, நனைந்த சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. ஊத்தையென்று நினைத்துத் தாய் உமிக்கரி போட்டு வேறு தேய்த்திருக்கிறார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் கூடாரத்தில் இருப்பவரை என்னவென்று ஏசுவது?

"இதைப் புடுங்கினா இன்னொண்டு முளையாது" என்றேன்.

"முளைக்கும். அணில் தரும்" என்றாள் மகள்.

விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பது எங்கள் வழக்கம். கூடாரத்துக்கு ஏது கூரை? எறிந்த பல் கூடாரச் சீலையில் வழுக்கி மணலில் விழுந்ததாம். வீடு கிடைத்ததும் எறிய, நெருப்புப்பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்தாள். அதற்குள் முன்பல் முளைத்தும் விட்டது. அணில் நம்பிக் கடனுக்குத் தந்ததாம்.

நான் படித்த படிப்பெல்லாம் அங்கே எடுபடவில்லை.

"அணிலுக்கு எவ்வளவு சின்ன வாய்? இவ்வளவு பெரிய பல்லுக்கு அது எங்க போகும்?" என்று கேட்டேன். யோசித்தாள். வாயைத் திறந்தாள். தகப்பனும் சரியென்று தலையாட்டினார்.

கரண்ட் இல்லை. நல்லவேளை, அந்தப் பல்லைக் குடையத் தேவையில்லை. பஞ்சால் ஒற்றி உலர்த்தி, பல்லுச் சீமெந்தைக் குழைத்து அப்பி, இறுகும்வரை விரலால் அமத்திப் பிடித்தேன். அவள் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. சீமெந்து தேயத் தேய, சண்டைக்கிடையே பாதை திறந்திருந்த நாட்களில் தகப்பன் கூட்டி வந்தார். பிறகு வெள்ளித் தொப்பி மாதிரி ஒரு உறை போட்டுவிட்டேன்.

சண்டை முடிந்த வருடம் இருவரும் வந்தார்கள். தகரக் கூரை வீடு கிடைத்திருந்தது. அன்றே மகள் சேர்த்த பல்லையெல்லாம் ஒரேயடியாகக் கூரையில் எறிந்திருக்கிறாள். தகரம் படபடவென்று அதிர, தகப்பன் மனைவியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார்.

"சண்ட முடிஞ்சிட்டெண்டு ரேடியோவில சொன்னாங்க டொக்டர். என்ட உடம்புக்கு இன்னும் ஆரும் சொல்லல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

மகள் வாயைத் திறந்து, வெள்ளித் தொப்பியை விரலால் தட்டிக் காட்டினாள்.

"இத எறியல்ல டொக்டர்."