அப்பாவின் பேட்டரி

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் எங்கள் வீட்டில் காரணம் தேட வேண்டியதில்லை. முந்தின நாள் சாயங்காலம் அப்பா அதில் உட்கார்ந்து தவில் கேட்டிருப்பார். சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வாட்ச்மேனும் பால்காரரும் சேர்ந்து தள்ள, நான் இரண்டாவது கியரில் கிளட்சை விடுவேன். ஸ்ரீரங்கத்தில் பாதித் தெரு எழுந்து வந்து வேடிக்கை பார்க்கும். அப்புறம் காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து மன்னார்புரத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே எனக்குப் புகார் வாங்கும் கவுண்டர். ஊரில் யாருக்கு யார் மேல் கோபம் என்றாலும் அது முதலில் என் மேசைக்குத்தான் வரும். கார் தள்ளிக் களைத்த உடம்போடு அதையும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அப்பா தொழிற்சாலையில் இரும்புத் தகடு அடித்து வளைக்கும் பிரிவில் இருந்தவர். பணி ஓய்வு பெறும்போதே காது பாதி போயிருந்தது. மீதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மெல்லிய சத்தங்கள் எல்லாம் முதலில் போய்விட்டன. காலிங் பெல், குக்கர் விசில், நான் கூப்பிடுவது. கனத்த சத்தம் மட்டும் மிச்சம். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "கொசு புகுந்த மாதிரி இருக்கு" என்று இரண்டாம் நாளே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொன்ன புண்ணியவான் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கியிருந்தால் தெரிந்திருக்கும், பாவம் ஊதுகிறவர்தான்.

டி.வி.யை அவருக்குக் கேட்கிற அளவு வைத்தால் எங்களுக்குக் கீழே முதல் மாடியில் இருக்கும் மாமி படியேறி வந்துவிடுவார். "கொஞ்சம் சன்னமா வச்சுக்கச் சொல்லேன்மா, பாராயணத்துல எந்தப் பாசுரத்துல நிக்கறேன்னே மறந்து போறது." அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து டி.வி.யில் சத்தம் கிடையாது. கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொள்வார். கார்தான் ஒரே வழி என்று ஆனது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தத்தைக் கூட்டி வைத்தால், தவிலின் இடந்தலையில் குச்சி விழுகிற கனத்த அடி சீட்டு வழியாக முதுகில் இறங்குகிறது என்பார். சாயங்காலம் ஒரு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு வந்தால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று குறை சொல்லமாட்டார்.

கார் தள்ளித் தள்ளி வெறுத்துப்போய், காந்தி மார்க்கெட் பக்கம் கார் செட்டு மாட்டும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் வாயாடி. பேட்டரியைப் பெரிதாக்கினால் போதுமா என்று கேட்டேன்.

"போதாது மேடம். முன்னாடி இருக்கற செட்டு கொஞ்சமாத்தான் குடிக்கும். ஐயா கேக்கற சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் வைக்கணும். அது மொடாக்குடிகாரன். அதுக்குத் தனியா டிக்கியில ஒரு பேட்டரி வச்சிருவோம்."

"ரெண்டையும் ஒரே வயர்ல சேர்த்துட்டா?"

"நேரா சேர்த்தா ஒண்ணு படுக்கறப்ப இன்னொண்ணையும் இழுத்துக்கிட்டே படுத்துரும். நடுவுல ஐசோலேட்டர் போடறேன். வண்டி ஓடறப்ப ரெண்டையும் சேர்த்து சார்ஜ் ஏத்தும். நிறுத்திட்டா பிரிச்சு விட்டுரும். அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது."

அப்படி ஒரு சாமானை வீட்டுக்கும் செய்து கொடுத்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. முன்சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கி, பானெட்டிலிருந்து டிக்கி வரை விரல் தடிமன் வயரை ஓட்டினார்கள். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, வயர் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையையும் தடவிப் பார்த்து, "ரப்பர் போடுங்க, தகடு வயரைத் தின்னுடும்" என்று உயிரை எடுத்தார். போட்டிருக்கிறோம் என்று அவர்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குத் தலைவலி. கிளம்பும்போது கடைக்காரர் டிக்கியைத் திறந்து, பேட்டரி பக்கத்தில் திருகு மூடி போட்ட கூட்டில் இருந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைக் காட்டினார். "ஆம்ப்ளிஃபயருக்குப் போற ஃபியூஸ் மேடம். சத்தம் வரலைன்னா முதல்ல இதைப் பாருங்க."

அதன்பிறகு கார் ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. அப்பாவும் தினம் சாயங்காலம் ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் காரில் பாட்டே போடமாட்டேன். நாள் முழுக்க மனிதர்கள் கத்துவதைக் கேட்டவளுக்குப் பாலத்தில் அந்த அரை மணி நேரம் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அதற்குத் தெம்பு இருக்காது. தட்டைக் காட்டினால் சாப்பாடு, டம்ளரைக் காட்டினால் காபி, விளக்கைக் காட்டினால் தூங்கப் போங்க. அவரும் தலையை ஆட்டுவார். குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டை ஒழித்துக் கழுவியதில் எனக்கு இடுப்பு போய்விட்டது. பூஜைத் தட்டை அப்பாவிடமே விட்டுவிட்டேன். அவருடைய பழைய சுத்தியல், அரிவாள்மனை, கத்தரிக்கோல், கார் சாவி என்று வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயும் இருந்தது. அது என்ன என்று கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். கேட்கவில்லை. கற்பூரத்தைக் காட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து காரைச் சுவரோரம் நிறுத்தி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. அவர் நனைந்துகொண்டே வந்து வழுக்கி விழுந்து வைத்தால் அதையும் நான்தான் பார்க்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கதவைத் திறந்தேன். உள்ளே மழைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. செட்டில் விளக்கு எரிந்தது, பாட்டின் நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கையை மடியில் வைத்து முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறாரோ என்று குமிழைப் பார்த்தேன். கடைசி வரை திருகியிருந்தது.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "நல்லா இருக்கும்மா" என்றார்.

எத்தனை நாளாக இப்படி உட்கார்ந்திருக்கிறாரோ. அவரை அப்படியே இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். கடைக்காரர் சொன்ன கூட்டின் மூடியைத் திருகினேன். ஃபியூஸ் உள்ளேதான் இருந்தது. இரண்டு முனையிலும் சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. அதன் மேல் அழகாகக் குங்குமப் பொட்டு.

அப்போதுதான் தட்டில் பார்த்த குழாய் ஞாபகம் வந்தது. அவர் இருந்த தொழிற்சாலையில் ஆயுத பூஜையன்று இயந்திரங்களின் ஃபியூஸைப் பிடுங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள் என்று அப்பா முன்பு சொல்லியிருக்கிறார். பூஜையில் இருக்கிற இயந்திரத்தை யாரும் தவறியும் ஓட்டிவிடக் கூடாதாம். காருக்கும் அதே மரியாதை செய்திருக்கிறார். மறுநாள் எடுத்து மாட்டியிருக்கிறார், சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்க மனசு வராமல். செட்டுக்கு முன்பேட்டரியிலிருந்து கரண்ட் வருவதால் விளக்கெல்லாம் ஜோராக எரிந்திருக்கிறது. சந்தனத்தைத் தாண்டி ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போகாததால் சத்தம் மட்டும் இல்லை. செட்டு சரியாகத்தான் ஓடுகிறது, போனது தன் காதுதான் என்று மனுஷர் முடிவு கட்டிவிட்டார்.

புடவைத் தலைப்பால் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டி, மழைத் தண்ணீரில் நனைத்து, மறுபடி துடைத்து மாட்டினேன். அவசரத்தில் முன்னால் குமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறந்துபோனேன்.

இடி விழுந்த மாதிரி தவில் கிளம்பியது. டிக்கி மூடி அதிர்ந்தது. வாட்ச்மேன் குடையில்லாமல் ஓடிவந்தார். கீழ்வீட்டு மாமி பால்கனிக்கு வந்து காதைப் பொத்திக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குறைக்காதே. குறைக்காதேம்மா."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. மாமி மேலேயிருந்து ஏதோ சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த உருப்படி முடிந்த பிறகுதான் குறைத்தேன். எனக்கு அழுகையும் வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா!" என்று கத்தினேன்.

"இவ்ளோ அலைஞ்சு மாட்டிக் கொடுத்தே. காது மொத்தமா போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது? இன்னும் டாக்டர் டாக்டரா அலைவே. ஏற்கெனவே நீ செத்துச் சுண்ணாம்பாத்தான் வர்றே."

"மொத்தமா எப்படிப்பா போகும்? வீட்டுல நான் பேசறது கேட்டுதுல்ல?"

அவர் முகத்தில் வருத்தமோ குறையோ இல்லை. சந்தேகம் தீர்த்துக்கொள்கிறவர் போல என்னைப் பார்த்தார்.

"நீ எங்கம்மா பேசினே?"

அடுத்த உருப்படி ஓட ஆரம்பித்திருந்தது. மழை விடுவதாக இல்லை. நான் சுற்றிவந்து டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஈரப் புடவை காலில் ஒட்டியது.

"மத்தியானம் என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று கத்தினேன்.

"நீ வச்சிட்டுப் போன புளியோதரைதான்" என்று அவரும் கத்தினார். "உப்பு கம்மி."