செத்த ஜனாதிபதியின் நிகழ்காலம்

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய ஆர்டிஸ் டோலஃப்சனுக்கு ஓய்வுக்குப் பிறகு வீட்டில் கால் தரிக்கவில்லை. சோளக்காட்டு நடுவே, முன்னாள் ஜனாதிபதி ஒருவரின் நினைவாகக் கட்டிய ஜனாதிபதி நூலகத்தில் சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்டாள். நூலகம் என்று பேர்தான். புத்தகம் தேடி வந்தவர் எவரையும் அவள் கண்டதில்லை. வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் ஜனாதிபதியின் தூண்டிலையும் மூக்குக்கண்ணாடியையும்தான்.

அங்கே ஒரு விதி உண்டு. அவரை 'முன்னாள்' என்று சொல்லக்கூடாது. வெறும் 'ஜனாதிபதி', அதுவும் நிகழ்காலத்தில். ஜனாதிபதி காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறார், ஜனாதிபதி மீன் பிடிக்கிறார். மனிதர் நூலகத் தோட்டத்து மூலையில் மண்ணுக்குள் போய் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிற பிணத்தை நான் பார்த்ததில்லை என்பாள் ஆர்டிஸ்.

சனிக்கிழமைகளில் அதே கட்டடத்தில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு எடுத்தாள். வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்யும் சோமாலியப் பெண் ஹோதான் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. சமோசா மாதிரி சம்பூசா சுட்டு எடுத்துவருவாள், வகுப்பு முடிந்ததும் ஆர்டிஸ் பின்னாலேயே கூடம் கூடமாகச் சுற்றுவாள். அதுதான் வினையாகப் போயிற்று.

தேர்வில் பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னால் போதும். ஒன்பது முடிந்தபோது அவளிடம் ஐந்து இருந்தது. கடைசிக் கேள்வி, இப்போதைய ஜனாதிபதி யார்? ஹோதான் ஒரு நொடிகூட யோசிக்காமல் தூண்டில்காரர் பெயரைச் சொன்னாள்.

ஆர்டிஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெயிலானது ஹோதான் அல்ல, தானேதான் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு முறைதான் வாய்ப்பு. அதிலும் தவறினால் பணம் கட்டி, மனுப் போட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் கல்லறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

"தேதியைப் படி. செத்துட்டாரு. எல்லாரும் சத்தமா சொல்லுங்க."

"செத்துட்டாரா? அப்ப தினமும் கஞ்சி குடிக்கிறது யாரு?" என்றாள் ஹோதான்.

பதினேழு பேர் நாலைந்து உச்சரிப்பில் 'செத்துட்டாரு' என்று கத்தியது ஜன்னல் வழியாக நூலக இயக்குநர் கிரெய்டன் காதில் விழுந்தது. நூலகத்துக்கு நன்கொடை தரும் குடும்பத்தார் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்குள் ஆர்டிஸின் வழிகாட்டி பேட்ஜ் அவருடைய மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. போனால் போகிறது என்று அவள் வெளியே சொல்லிக்கொண்டாள். உள்ளே வலித்தது. சனிக்கிழமை வகுப்பு மட்டும் மிஞ்சியது; மற்ற நாட்களில் அவளுக்குப் போக வேறு இடமில்லை.

இரண்டாம் முறை ஹோதான் ஏழு கேள்வியிலேயே தேறிவிட்டாள். குடியுரிமை உறுதிமொழி விழா நூலகக் கூடத்திலேயே நடந்தது. ஆர்டிஸ் பார்வையாளர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சான்றிதழை நீட்டிக் கைகுலுக்க வந்த கிரெய்டனின் கையை ஹோதான் விடவில்லை.

"சார், இந்தக் கட்டடம் யாரோடது?"

மக்களுடையது என்றார் அவர், பழகிப்போன புன்னகையோடு.

"அப்ப என்னோடதும்தான். ஆர்டிஸம்மா பேட்ஜை எடுத்துட்டு வாங்க, நான் நிக்கிறேன்."

அவள் குடிமகளாகி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் சான்றிதழுக்கு நின்ற வரிசை நகரவில்லை. கிரெய்டன் இழுப்பறைச் சாவியைத் தேடிப் பையைத் தடவினார்.