சூடு வெளியே போகாத அறை

வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் விலை ஏறிய அந்தப் பனிக்காலத்தில் என் அப்பாவுக்குக் காற்று பரம எதிரியாகிவிட்டது. ரொறொன்ரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் யன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் இழுத்து, ஓரம் முழுக்க ஒட்டுநாடா ஒட்டினார். கதவுகளின் கீழே தான் உடுத்துப் பழசான சாரங்களைச் சுருட்டி அடைத்தார். சாவித் துவாரத்தையும் விட்டுவைக்கவில்லை, அதற்குள் பஞ்சு. யாராவது வாசற்கதவை ஒரு கணம் திறந்து வைத்தால் போதும், கத்துவார்.

"ரொறொன்ரோவைச் சூடாக்கவோ நான் வேலைக்குப் போறன்?"

தை மாதம் தம்பி பிறந்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவரின் அக்கா, என் பெரியம்மா, ஒஷாவாவிலிருந்து வந்தார். பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் ஏறினால் சாகும்வரை இறங்காது என்பது அவர் கட்சி. ஹீற்றரைக் கூட்டச் சொன்னார். அப்பா மசியவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த பெரியம்மா கடைசியில் தானே ஒரு வழி கண்டார். கோடையில் இறைச்சி வாட்ட வாங்கிய கரி நிலக்கீழ் அறையில் மீதம் கிடந்தது. ஒருநாள் காலை அதை மூட்டி, இரும்புச் சட்டியில் தணலாக்கி, அம்மாவின் கட்டிலடியில் கொண்டுவந்து வைத்தார். மேலே ஒரு பிடி சாம்பிராணி. ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளில் செய்வதுதான். ஊர் வீடுகளில் ஓட்டு இடுக்கால் காற்று வந்து போகும் என்பது ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. வேலைக்குப் புறப்பட்ட அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்தார். எண்ணெய் எரியாமலே அறை கதகதவென்று இருந்தது. மனிசனுக்கு வாயெல்லாம் பல்.

அம்மா தலையிடிக்கிறது என்றார். குளிர் ஏறிவிட்டதென்று பெரியம்மா அறைக்கதவையும் இறுக்கிச் சாத்தினார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

திரும்பி வந்ததும் தம்பியைப் பார்க்க ஓடினேன். அம்மா வாந்தி எடுத்து நிலத்தில் கிடந்து முனகினார். தம்பி அசையாமல் படுத்திருந்தான். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று, அவன் அவ்வளவு வடிவாக இருந்து நான் கண்டதில்லை. பெரியம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடி, அம்மா விழுந்து கிடக்கிறா, தம்பிக்கு நல்ல நிறம் வந்திட்டுது என்று இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை மீட்டார்கள். தம்பியை முடியவில்லை.

மறுநாள் ஒரு பொலிஸ்காரர் வந்தார். கரிப்புகையின் நஞ்சு என்றார், பிள்ளையின் கன்னம் சிவந்ததும் அதனால்தான் என்றார், மூடிய அறை என்றார், பிறகு சட்டியைக் காட்டி இதை யார் வைத்தது என்று கேட்டார். பெரியம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் சட்டியை நோக்கி நீண்ட விரல் விளங்கிவிட்டது. சுவரோடு ஒட்டி நின்றார்.

அப்பா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் தாள் ஒட்டிய யன்னலைப் பார்த்தார்.

"நான்தான் செய்தது," என்றார் இங்கிலிஷில்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பெரியம்மா வைத்ததை என் கண்ணால் கண்டவள் நான். இல்லை என்று வாயெடுத்தேன், அப்பா என் வாயைப் பொத்தினார். அவர் கை ஐஸாகக் குளிர்ந்தது. பெரியம்மாவைக் காப்பாற்ற அப்பா பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வளர்ந்து நெடுங்காலம் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.