கஸ்தூரி அண்ணனை எழுதிய விதம்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் எட்டுப் பேர். அதில் பெண்கள் இரண்டே பேர், கஸ்தூரியும் நானும். எங்கள் மேஜைகள் ஒட்டியே கிடக்கும். அவள் டைப் அடிக்கும் சத்தத்தை வைத்தே, அன்றைக்கு அண்ணனை நினைத்துக்கொண்டிருக்கிறாளா என்று சொல்லிவிடுவேன். நினைத்தால் முற்றுப்புள்ளி வைத்த இடமெல்லாம் தாள் பொத்தலாகிவிடும்.

அவள் அண்ணன் சகாதேவன். அந்தப் பாவியைப் பற்றி நடுநிலையாகப் பேச எனக்கு வராது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் பூர்வீக நிலம். எண்பத்தொன்பது மார்ச்சுக்கு முன்னால் கல்யாணமாகாத பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. கஸ்தூரிக்குக் கல்யாணம் நடந்தது அந்த வருஷம் வைகாசியில். அப்பா செத்த பிறகு அவள் பாகம் கேட்டாள். அண்ணன் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் போட்டான். அதில் மார்ச்சுக்கு முந்திய தை மாதத் தேதி இருந்தது.

போட்டோ எடுக்காத கல்யாணம் அது. உண்மையான பத்திரிகை ஒன்றுகூட யாரிடமும் இல்லை. அவன் புதிதாக அச்சடித்ததில் முகூர்த்த நேரம், நட்சத்திரம், தாய்மாமன் பெயர் எல்லாம் சுத்தமாக இருந்தன. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அது காய்ந்து பழுப்பேறும்வரை பரணில் போட்டு வைத்திருந்தான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தையில தான் போல இருக்கு” என்றார்கள். பங்கு போயிற்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த இடத்தில் அவன் கடைகள் ஜேஜே என்று நடந்தன.

ஐந்து வருஷம் மனுவாக எழுதிப் பார்த்தாள். ஒன்றும் நகரவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு மாத இதழுக்குக் கதையாக எழுதி அனுப்பினாள். ஊரே படித்து அவனைக் காறித் துப்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. எனக்கும் அதேதான்.

கதை திரும்பி வந்தது. ‘அண்ணன் பாத்திரத்தில் உயிர் இல்லை. எப்போது பார்த்தாலும் பல்லைக் கடிக்கிறார், முறைக்கிறார். நம்ப முடியவில்லை’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

“அவன நம்ப முடியலையாம் மணி! அவன் பண்ண பொய்ய மட்டும் ஊரே நம்பிச்சே?” என்று கத்தினாள்.

“எதனால நம்பனாங்க? மூலையில மஞ்சா இருந்துச்சு, அதனால. நீயும் மஞ்சா தடவுடி” என்றேன்.

அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முறைக்கிற வரிகளை எல்லாம் அடித்தாள். சாப்பாட்டில் வரும் கறிவேப்பிலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக அடுக்குவது, சட்டைப் பையில் சீப்பு, பொய் சொல்லும்போது மட்டும் எதிராளியை ‘வாங்க போங்க’ என்று பேசுவது, இதையெல்லாம் கொண்டுவந்தாள். அடி அண்ணாமலையையும் அப்படியே எழுதினாள். எந்தக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் கம்மி, பௌர்ணமி முடிந்த மறுநாள் பாதையில் என்னென்ன குப்பை கிடக்கும் என்பது வரை எழுதினாள். படிக்கப் படிக்க எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போல் இருந்தது.

ஆசிரியருக்கு இன்னும் ஒரு குறை. மோசமானவனுக்கும் ஒரு ஈரம் வேண்டும், அது இருந்தால்தான் மனிதனாகத் தெரிவான் என்று எழுதினார். கஸ்தூரி ஒரு வாரம் அந்தக் கடிதத்தை டைப் மெஷினுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதினாள். தங்கை வெறுங்கையோடு பஸ் ஏறிப் போன பிறகு, அண்ணன் மோட்டார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுகிறான். கதையில் அவள் இட்டுக்கட்டியது அந்தப் பக்கம் மட்டும்தான். அதை டைப் அடித்தபோது ஒரு முற்றுப்புள்ளிகூடத் தாளைக் குத்தவில்லை. எனக்கு அந்தப் பக்கம் பிடிக்கவே இல்லை. அவனுக்கு எதற்கு இந்தச் சலுகை?

கதை அச்சில் வந்தது. பெயரை மாற்றி என்ன பயன்? அடி அண்ணாமலை டீக்கடையில் சத்தமாகப் படித்தார்களாம். கறிவேப்பிலையிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

அடுத்த திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். எங்கள் மேஜைகளுக்கு முன்னால் ஏகப்பட்ட கூட்டம். அந்த இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சகாதேவன் வந்து நின்றான்.

“ஏய் கஸ்தூரி! இன்னாடி எழுதி வெச்சிருக்க?”

“எதச் சொல்றண்ணா?”

“பத்திரிக அடிச்சேன், மஞ்சா தடவனேன், அத்தெல்லாம் செரி. மோட்டார் கொட்டாய்ல குந்திக்கினு அழுதேன்னு எழுதிக்கிறியே, நான் எங்கடி அழுதேன்? எவன் பாத்தான்? பொட்டச்சியாட்டம் அழுதான்னு ஊரே சிரிக்குது!”

முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுக்க வந்திருந்த பாஞ்சாலை என்ற அம்மாள், “அப்ப மத்ததெல்லாம் நெசமா?” என்று கேட்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் செத்துப்போய், சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “இல்லிங்க, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க” என்றான். கதையைப் படித்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அன்றைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

“இப்ப கேட்டவங்கள்லாம் பேர் சொல்லுங்க, சாட்சி போடணும்” என்றேன். ஒன்பது பேர் சொன்னார்கள். கஸ்தூரி மெஷினில் தாளைச் சொருகினாள். உருவி எடுத்து, நேராக்கி, மறுபடி சொருகினாள். ஒரு எழுத்தும் விழவில்லை. நான் அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். பெறுநர், பொருள், போலிப் பத்திரிகை, ஒன்பது சாட்சிகள் எல்லாம் ஆயிற்று. கையெழுத்துக்கு இடம் விடும்போது, “நில்லு மணி, இன்னும் ஒரு வரி இருக்கு” என்றாள்.

அவள் சொன்னபடியே அடித்தேன்: ‘மேற்படி சகாதேவன் எனக்காக எக்காலத்திலும் அழவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’